கண்ணும் கடமையும்

(பொன்விழா இலக்கிய மாலையில் ஆற்றிய உரை)



"கவிதையைப் பற்றிப் பேசுங்கள், ஆனால் கோயிலில் பேசுவதற்கும் பொருத்தமாக இருக்கவேண்டும்" என்று விழாக் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். முதலில் சற்றுத் திகைத்தோம். பிறகு யோசித்துப் பார்த்தால், கவிதைக்கும் கோயிலுக்கும் நடுவில் நின்று தவித்த ஒரு குருவானவரின் வரலாறே நினைவுக்கு வந்தது. அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன், உங்கள் பிள்ளைகள் பலர் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கக்கூடிய ஒரு கவிதையிலிருந்து தொடங்குகிறோம்.

அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் ஃப்ராஸ்ட், 1922-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், இரவு முழுவதும் கண்விழித்து ஒரு நீண்ட கவிதையை எழுதி முடித்தார். விடிந்தபின், அந்தக் களைப்போடேயே ஒரு சின்னஞ்சிறு கவிதையையும் எழுதினார். கோடைகாலத்தில் எழுதப்பட்டாலும் அது பனிக்காலத்தைப் பற்றியது. ஒருவன் குதிரை வண்டியில் போகிறான். வழியில் யாருக்கோ சொந்தமான காடு. அதன்மேல் பனி சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருக்கிறது. அந்த அழகில் மயங்கி வண்டியை நிறுத்துகிறான். வீடும் தொழுவமும் இல்லாத இடத்தில் ஏன் நின்றோம் என்று குதிரைக்குப் புரியவில்லை; கழுத்து மணியை அசைக்கிறது. கொடுத்த வாக்குகள் அவனுக்கு நினைவு வருகின்றன. போகவேண்டிய தூரமும் அதிகம். கவிதை அவ்வளவுதான். பண்டித நேரு 1964-ஆம் ஆண்டு மறைந்தபோது, இக்கவிதையின் கடைசி வரிகளைத் தம் கைப்பட எழுதி அருகில் வைத்திருந்தார் என்பது பலரும் அறிந்த செய்தி.

இதைப் படிக்கும்போதெல்லாம் நமக்கு நம் அகநானூற்றின் நான்காம் பாட்டு நினைவுக்கு வரும். குறுங்குடி மருதனார் பாடியது. கார்காலத்துக்குள் திரும்பிவிடுவேன் என்று மனைவியிடம் சொல்லிப் போனவன் தேரில் விரைந்து வருகிறான். காடெல்லாம் பூத்துக் கிடக்கிறது. பூவில் தேன் குடிக்கும் வண்டுகள் தேர்மணியின் ஓசையில் கலங்கிவிடுமே என்று அஞ்சி, மணியின் நாவைக் கட்டிவிடுகிறான். அவன் தேரை நிறுத்தவில்லை. வண்டுகளைத் துன்புறுத்தவும் இல்லை. அமெரிக்கக் காட்டில் அழகு ஒரு பக்கம் இழுக்கிறது, கடமை மறுபக்கம் இழுக்கிறது. முல்லைக் காட்டிலோ பூத்த பூவே "நேரமாகிவிட்டது, வீட்டுக்குப் போ" என்று சொல்கிறது. இரண்டில் எது நம் வாழ்க்கைக்குப் பொருத்தமானது? முல்லைக்காரன் பேறுபெற்றவன், ஆனால் நம்மில் பெரும்பாலோருக்கு ஃப்ராஸ்ட்டின் வண்டிக்காரன் நிலைதான் என்று நமக்குத் தோன்றுகிறது.

அந்த வண்டிக்காரனாவது சில நிமிடங்கள் நின்றுவிட்டுப் போய்விட்டான். நாம் சொல்ல வந்த குருவானவருக்கோ அது வாழ்நாள் முழுவதும் தீராத வழக்காகிவிட்டது. அவர் பெயர் ஜெரார்டு மேன்லி ஹாப்கின்ஸ்.

1844-ஆம் ஆண்டு இங்கிலாந்தில், ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்த நல்ல குடும்பத்தில், ஒன்பது பிள்ளைகளுக்கு மூத்தவராகப் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் படித்தார். அங்கே மாணவராக இருக்கும்போதே கத்தோலிக்கத் திருமறையைத் தழுவினார். 1866-ஆம் ஆண்டு அக்டோபரில் அவரைத் திருச்சபையில் சேர்த்துக்கொண்டவர் வேறு யாருமல்லர். 2019-இல் புனிதராக அறிவிக்கப்பட்ட நியூமன் அவர்களே. பெற்றோருக்கு இது பேரிடி. மகன் தங்களைவிட்டுப் போய்விட்டான் என்றே கலங்கினார்கள்.

சிறு வயது முதலே கவிதை எழுதியவர் ஹாப்கின்ஸ். படம் வரைவதிலும் கைதேர்ந்தவர். மேகத்தையும் மரப்பட்டையையும் ஓடும் நீரையும் மணிக்கணக்காகப் பார்த்து நாட்குறிப்பில் எழுதிவைப்பார். இப்படிப்பட்டவர் துறவறம் புகத் தீர்மானித்ததும் என்ன செய்தார் தெரியுமா? 1868-ஆம் ஆண்டு மே மாதம் 11-ஆம் நாள், தம் கவிதைகளைத் தீயிலிட்டார். ஏரோது மன்னன் பச்சிளங் குழந்தைகளைக் கொன்றதை நினைவூட்டும் சொற்களால் அந்த நாளை நாட்குறிப்பில் குறித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் சேசு சபையின் நவசந்நியாச மடத்தில் சேர்ந்தார். நண்பர்களிடம் பிரதி இருந்ததால் சில பாடல்கள் மட்டும் பிழைத்தன.

எரிக்கச் சொல்லி யாரும் கட்டளையிடவில்லை. இதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. ஏனென்றால் 'சபை ஒரு கவிஞனை நசுக்கிவிட்டது' என்று எழுதுபவர்கள் உண்டு. கவிதை தம் அழைத்தலுக்குப் பொருந்தாது என்று முடிவு செய்தவர் அவரேதான். மேலதிகாரிகள் விரும்பினாலன்றி இனி எழுதுவதில்லை என்று தமக்குத் தாமே விதி வகுத்துக்கொண்டார். ஏழாண்டுகள் ஏறத்தாழ மௌனமாகவே இருந்தார்.

அதோடும் நிற்கவில்லை. நவசந்நியாசத்தில் இருந்தபோது, 1869-ஆம் ஆண்டு ஜனவரி முதல் ஜூலை வரை ஆறு மாதம் ஒரு தவமுயற்சி மேற்கொண்டார். கண்ணடக்கம்! கண்ணை ஏறெடுத்து அக்கம்பக்கம் பார்ப்பதில்லை. அதனால் அந்த அரையாண்டில் தாம் அதிகமாக எதையும் பார்க்கவில்லை என்று பிறகு எழுதுகிறார். கண்ணே வாழ்க்கையாக இருந்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும்? நம் தாய்மார்கள் தபசு காலத்தில் காப்பியை விட்டுவிட்டு முதல் வாரம் படும் பாட்டை நாம் அறிவோம். இவர் விட்டதோ வசந்தகாலம் ஒன்றை.

புனித பெர்நார்தைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். லொசான் ஏரிக்கரை வழியாக ஒரு பகல் முழுவதும் பயணம் செய்தாராம். மாலையில் உடன் வந்தவர்கள் ஏரியின் அழகைப் பேசிக்கொண்டபோது, "எந்த ஏரி?" என்று கேட்டாராம். முன்பு பிரசங்கங்களில் இதைப் பெரும் புண்ணியமாக எடுத்துச் சொல்வது வழக்கம். நமக்கு, உண்மையைச் சொன்னால், அந்த ஏரியின்மேல் கொஞ்சம் இரக்கம்தான். ஏரியைப் படைத்தவரும் அன்று பாராட்டுக்குக் காத்திருந்திருக்கலாம் அன்றோ!

சேசு சபையின் நிறுவனர் புனித இஞ்ஞாசியாரோ வேறு மாதிரி. இரவில் விண்மீன்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பதே தமக்குப் பேராறுதல் என்று தம் வரலாற்றில் சொல்லியிருக்கிறார். அவர் எழுதிய ஞானப் பயிற்சிகளின் தொடக்கத்தில் ஒரு கண்டிப்பான விதி இருக்கிறது: படைக்கப்பட்ட பொருள்கள் கடவுளை அடைய எவ்வளவு உதவுமோ அவ்வளவுக்குப் பயன்படுத்து, தடையானால் விட்டுவிடு. அதே நூலின் முடிவிலோ, செடியிலும் விலங்கிலும் விண்ணிலும் இறைவன் குடியிருந்து உழைப்பதைத் தியானிக்கச் சொல்கிறார். முதல் பக்கம் 'விடு' என்கிறது. கடைசிப் பக்கம் 'பார்' என்கிறது. ஹாப்கின்ஸின் வாழ்க்கை இந்த இரண்டு பக்கங்களுக்கும் இடையில்தான் நடந்தது.

கண்ணடக்கக் காலம் முடிந்தபின் அந்தக் கண் சும்மா இருக்கவில்லை. ஸ்டோனிஹர்ஸ்ட் என்ற ஊரில் தத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது நடந்த ஒன்றை அங்கிருந்த முதியவர் ஒருவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். மழை விட்டதும் இந்த இளம் துறவி வெளியே ஓடிவந்து, தோட்டத்துப் பாதையில் குனிந்து, நனைந்த கல்துகள்கள் வெயிலில் மின்னுவதையே பார்த்துக்கொண்டிருப்பாராம். பாவம், புத்தி சுவாதீனம் இல்லாதவர் போலிருக்கிறது என்றே அந்த முதியவர் எண்ணினாராம். அதே தோட்டத்தில் 1873-ஆம் ஆண்டு ஓர் ஆஷ் மரத்தை வெட்டினார்கள். கோடரிச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தவருக்கு, உலகின் இப்படிப்பட்ட வடிவங்கள் அழிவதைக் காண்பதைவிடச் செத்துப்போகலாம் என்று தோன்றிற்று. இதை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

மௌனம் கலைந்தது ஒரு துயரத்தால். 1875-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள், 'டாய்ச்லாந்து' என்னும் கப்பல் தேம்ஸ் நதி முகத்துவாரத்தை அடுத்த மணல்திட்டில் மோதியது. இறந்தவர்களுள் பிரான்சிஸ்கன் சபைக் கன்னியர் ஐவர். ஜெர்மனியில் துறவற சபைகளுக்கு எதிராகப் போடப்பட்ட சட்டங்களால் நாடு கடந்து போய்க்கொண்டிருந்தவர்கள். அப்போது ஹாப்கின்ஸ் வேல்ஸ் நாட்டில், புனித பியூனோ குருமடத்தில் வேதசாஸ்திரம் படித்துவந்தார். பத்திரிகைச் செய்தியைப் படித்து அவர் கலங்கியதைக் கண்ட அதிபர், இதைப் பற்றி யாராவது ஒரு கவிதை எழுதினால் நன்றாயிருக்குமே என்றார். அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. முப்பத்தைந்து பாக்கள் கொண்ட நெடும்பாடல் பிறந்தது. அதைச் சபையின் மாத இதழுக்கு அனுப்பினார். புரியவில்லை என்றோ, துணியவில்லை என்றோ, அவர்கள் அச்சிடவில்லை.

1877-ஆம் ஆண்டு, குருப்பட்டம் பெறுவதற்கு முந்தைய மாதங்கள், அவர் வாழ்வின் வசந்தம். குருமடத்தின் கீழே குளூயிட் பள்ளத்தாக்கு, எதிரே மலைகள். வானில் வட்டமிடும் வல்லூறு, புள்ளி போட்ட மீன், உழுத வயல், அறுவடைக் காலத்து மேகம் எல்லாமே பாடல்களாயின. வல்லூறைப் பாடிய பாட்டை ஆண்டவராகிய கிறிஸ்துவுக்கே காணிக்கையாக்கினார். இந்த மாதங்களில் பார்ப்பதும் செபிப்பதும் அவருக்கு ஒன்றாகவே இருந்தன. முல்லைக் காட்டுத் தேர் போல. வேல்ஸை விட்டு, குருவானவராக அவர் புறப்பட்டபோது அந்தத் தேர் திரும்ப வராத பாதையில் போய்விட்டது.

இங்கே வீரமாமுனிவரை யாராவது நினைத்துக்கொள்வீர்கள். அவரும் சேசு சபைக் குருதானே. தேம்பாவணியில் யூதேயா நாட்டை நம் வயல்களைப் போலவே வருணித்துக் களித்திருக்கிறாரே, அவருக்கு இந்தச் சங்கடம் இல்லையா என்று கேட்கலாம். அவருக்கு ஒரு வசதி இருந்தது. காப்பியம் என்றால் மலை, கடல், நாடு, நகர், பருவம் எல்லாவற்றையும் பாடியே ஆகவேண்டும் என்று தமிழ் இலக்கணம் விதித்திருக்கிறது. இயற்கையைப் பாடுவதே புலவனின் கடமை! சூசையப்பரின் கதையைத் தமிழர்க்குத் தமிழர் முறையில் சொல்வதே அவருடைய மறைப்பணியாகவும் இருந்தது. இங்கிலாந்துக்காரருக்கு அப்படிப்பட்ட இலக்கணம் துணைக்கு வரவில்லை.

பிறகு பங்குப் பணி. ஓரிடத்தில் வேரூன்ற விடாமல் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். ஆக்ஸ்போர்டில் இருந்தபோது, 1879-ஆம் ஆண்டு, ஆற்றங்கரையில் வரிசையாக நின்ற பாப்ளர் மரங்கள் வெட்டப்பட்டதைக் கண்டு ஒரு புலம்பல் பாடினார். நமக்கு அது கூசச் செய்யும் பாட்டு. சில ஆண்டுகளுக்கு முன், மறைக்கல்வி வகுப்புக் கட்டடத்துக்காக நம் கோயிலின் வடபுறம் நின்ற இரண்டு வேப்பமரங்களை வெட்ட நேர்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அத்தீர்மானத்தில் கையெழுத்திட்டவர்களில் நாமும் உண்டு. கட்டடம் தேவைதான். அதற்கு முன் பிள்ளைகள் மழையில் நனைந்தார்கள். இன்று கேட்டாலும் கையெழுத்திடுவோம். ஆனால் அன்று கூட்டத்தில் அந்த மரங்களுக்காக ஒரு வார்த்தை சொல்ல எவருக்கும் தோன்றவில்லையே, அதுதான் உறுத்துகிறது. ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் அந்த நிழலில் நின்று பேசாதவர் நம்மில் யார்?

1880-ஆம் ஆண்டு தொடக்கத்தில் அவரை லிவர்பூலில் புனித சவேரியார் பங்குக்கு அனுப்பினார்கள். தொழிற்சாலைப் புகை, நெருக்கடியான குடியிருப்புகள், அயர்லாந்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்த ஏழைகள், குடி, நோய். கவிதைக்கு அங்கே நேரமும் இல்லை, மனமும் இல்லை என்று நண்பர்களுக்கு எழுதினார். மரமில்லை, ஆறு இருந்தும் பார்க்க நேரமில்லை. பாவசங்கீர்த்தனம் கேட்பதும் நோயாளிகளைச் சந்திப்பதும் அடக்கம் செய்வதுமாக நாட்கள் கழிந்தன.

அங்கே ஒரு லாடக் கொல்லர். குதிரைகளுக்கு லாடம் அடிப்பவர். மலைபோன்ற உடம்பு. நோய் வந்து அந்த உடம்பைக் கொஞ்சங்கொஞ்சமாக உருக்கிற்று. முதலில் தம் விதியை நொந்து சபித்தார். குருவானவர் வருவார், போவார், நற்கருணை கொண்டுவந்தார், நோயில் பூசுதலும் அளித்தார். முரட்டு மனிதர் சற்றுச் சாந்தமானார். ஒரு நாள் அவர் இறந்துவிட்டார் என்ற செய்தி வருகிறது. அன்று ஏப்ரல் மாதம். வெளியே வசந்தம் வந்திருக்கும். குருவானவர் வசந்தத்தைப் பாடவில்லை. அந்த லாடக் கொல்லரைப் பாடினார்.

அந்தப் பாட்டு நமக்கு மிகவும் பிடித்தது. ஆகவே சற்று நின்று சொல்கிறோம். "அப்படியா, இறந்துவிட்டாரா, நம் வேலை முடிந்தது" என்ற களைத்த குரலில்தான் அது தொடங்குகிறது. இருபது அடக்கம் நடத்திய பங்குக் குரு யாருக்கும் பழக்கமான குரல். போகப் போக, நோயாளியைப் பார்க்கப் போனால் அவர்மேல் நமக்குப் பாசம் வருகிறது, அவருக்கும் நம்மேல் வருகிறது என்று ஒப்புக்கொள்கிறது. தம் கை அவர் கண்ணீரைத் துடைத்ததையும், அவர் கண்ணீர் தம் நெஞ்சைத் தொட்டதையும் சொல்கிறது. முடிவிலோ கட்டிலில் கிடந்த நோயாளி மறைந்துபோகிறார். நெருப்பு சீறும் பட்டறையில், தோழர்கள் நடுவே, பெரிய சாம்பல்நிறக் குதிரைக்கு மின்னும் லாடம் அடித்துக்கொண்டிருந்த அந்த வலிய மனிதர் எழுந்து நிற்கிறார். குருவானவர் அவரை அந்த நிலையில் ஒரு நாளும் பார்த்திருக்கமாட்டார், நோயில்தான் பார்த்திருப்பார். ஆனால் நனைந்த கல்துகளை மணிக்கணக்கில் பார்த்துப் பழகிய கண், மெலிந்த உடம்புக்குள்ளும் பழைய மனிதரைக் கண்டுகொண்டது. கண்ணடக்கம் செய்த ஆறு மாதமும் சேர்ந்துதான் அந்தக் கண்ணைப் பழக்கியிருக்கவேண்டும் என்பது நம் எண்ணம். நிரூபிக்க முடியாது.

இந்த இடத்தில் உரையை முடித்துக்கொண்டால் கேட்க இனிமையாக இருக்கும்: கடமையே அவருக்குப் புதிய அழகைக் காட்டிற்று என்று. ஆனால் வரலாறு இங்கே முடியவில்லை.

1884-ஆம் ஆண்டு அவரை டப்ளின் நகரப் பல்கலைக்கழகக் கல்லூரிக்குக் கிரேக்கம், லத்தீன் பேராசிரியராக அனுப்பினார்கள். ஆங்கிலேயர் என்பதால் அங்கே அந்நியர். ஆண்டுதோறும் பல தடவை, நூற்றுக்கணக்கான பரீட்சைத் தாள்கள் கட்டுக்கட்டாக வந்து விழும். நம்மிடையே ஆசிரியர்கள் பலர் இருக்கிறீர்கள், உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு மாணவனுக்கும் அநியாயம் நடந்துவிடக்கூடாதென்று அரை மதிப்பெண்ணைக்கூட எடைபோட்டுத் திருத்துவார். கண் வலிக்கும்; தலை சுழலும்; இரவு வரும், உறக்கம் வராது. அந்த நாட்களில், 1885-ஆம் ஆண்டு வாக்கில், அழைக்காமலே வந்த சில பாடல்களை எழுதினார். இருளில் விழித்துக் கிடப்பவனின் பாடல்கள் அவை. அவற்றில் வல்லூறும் இல்லை, வயலும் இல்லை.

1889-ஆம் ஆண்டு மார்ச் 17, புனித பத்ரீசியார் திருநாள். அன்று எழுதிய பாடலில் எரேமியா இறைவாக்கினரோடு சேர்ந்து ஆண்டவரிடம் வழக்காடுகிறார். பாவிகள் ஏன் தழைக்கிறார்கள்? அதோ, ஆற்றங்கரை இலை விட்டிருக்கிறது, பறவைகள் கூடு கட்டுகின்றன. உமக்காகவே உழைக்கும் எம் வாழ்வில் மட்டும் ஏன் ஒன்றும் துளிர்க்கவில்லை? ஃப்ராஸ்ட்டின் காடு வண்டிக்காரனைத் தாலாட்டியது. இந்தக் கரையோ குருவானவரைக் குற்றஞ்சாட்டுகிறது. கடைசியில் அவர் கேட்பது ஓய்வையல்ல, இடமாற்றத்தையுமல்ல. தம் வேருக்குக் கொஞ்சம் மழை அனுப்பச் சொல்கிறார்.

மூன்று மாதம்கூட ஆகவில்லை, டைபாய்டு காய்ச்சல் கண்டது. மதம் மாறியபோது மனமுடைந்த அந்தப் பெற்றோர் டப்ளினுக்கு வந்து படுக்கையருகே இருந்தார்கள். ஜூன் 8-ஆம் நாள் உயிர் பிரிந்தது. வயது நாற்பத்து நான்கு. தாம் மிக்க மகிழ்ச்சியோடு இருப்பதாக முடிவில் திரும்பத் திரும்பச் சொன்னார் என்று எழுதியிருக்கிறார்கள். அந்த மகிழ்ச்சி எதைப் பற்றியது என்று நாம் ஊகிக்க முயலவில்லை.

கடமை அவரிடமிருந்து பலவற்றை எடுத்துக்கொண்டது என்பதை நாம் மறைக்கவேண்டியதில்லை. எழுதப்படாமல் போன பாடல்கள் எத்தனையோ. 'அதற்கெல்லாம் பின்னால் புகழ் கிடைத்ததே' என்று சமாதானம் சொல்வார்கள். அந்தப் புகழ் அவருக்குத் தெரியாது. நம் வீடுகளிலும் அப்படித்தான். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டிய தாய், கிழக்கு வெளுப்பதைப் பார்க்க ஆசைப்பட்டாளா என்று நாம் கேட்டதில்லை. லிவர்பூல் லாடக் கொல்லரின் கட்டிலருகே யாரோ ஒருவர் போய் உட்காரவேண்டியிருந்தது. ஹாப்கின்ஸ் போனார். அவர் போகாமல் ஆற்றங்கரைக்குப் போயிருந்தால் இன்னும் பத்து நல்ல பாடல்கள் கிடைத்திருக்கலாம். அவற்றைப் படித்து நாம் மகிழ்ந்திருப்போம். அந்த மனிதர் தனியாக இறந்திருப்பார்.

கவிதைகள் என்னவாயின என்று கேட்பீர்கள். கல்லூரித் தோழரும் கவிஞருமான ராபர்ட் பிரிட்ஜஸ் அவற்றைப் பத்திரமாக வைத்திருந்தார். அவர் கத்தோலிக்கரல்லர்; நண்பரின் துறவறம் அவருக்குப் புரிந்ததுமில்லை. ஆயினும் காத்து வைத்தார். 1918-ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். சபை இதழ் மறுத்த கப்பல் பாடல் நாற்பதாண்டுகளுக்குப் பின் அதில் அச்சேறியது. தொண்ணூறு வயதைக் கடந்தும் உயிரோடிருந்த கவிஞரின் தாய்க்கே நூல் காணிக்கையாக்கப்பட்டது. மகன் இறந்து இருபத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் அந்த முதிய தாயின் கையில் புத்தகம் வந்து சேர்ந்தது.

அச்சிட்டவை 750 பிரதிகள். அவை விற்றுத் தீர ஏறத்தாழப் பத்தாண்டுகள் பிடித்தன. ஆகையால் நம் பொன்விழா மலர்க் குழுவினர், மலர்ப் பிரதிகள் அலுவலக அலமாரியில் மிஞ்சினால் வருந்தவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.